எண்பதைத் தாண்டியவர்களிடம் சர்வே: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உடல்நலம், வருமானம், முதுமை என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுகள் அடிக்கடி நடக்கின்றன. பல வருஷமாக இந்தக் கள வேலையில் இருக்கிறேன். வயசானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் சரி, புதிதாக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வரும் பிள்ளைகளும் சரி, கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். "பெருசுகிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது, என்கிட்ட கேளுங்க" என்று வீட்டார் சொல்வதையும், "ரொம்ப வயசாயிடுச்சு, விட்டுடலாம்" என்று சர்வே எடுப்பவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நேரமும் கொஞ்சம் ஏற்பாடும் இருந்தால் தொண்ணூறு வயசிலும் நிறையப் பேர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த வயசில் அவர்களிடம் கேட்டு என்ன பயன்?

அறுபத்தைந்து வயசுக்காரர் பஸ் ஏறி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். எண்பத்தெட்டு வயசு ஆயாவுக்குக் கொல்லைப்புறத்துக் கக்கூஸ் வரை போய் வருவதே பெரிய பாடு. இருவரையும் "அறுபதுக்கு மேல்" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு முதியோர் நலம் பற்றித் திட்டம் போட்டால், அந்த ஆயாவுக்கு அதில் எதுவும் இருக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடி, அதாவது 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் அது 10.4 சதவீதம். இவர்களின் நிலையைத் தெரிந்துகொள்ளத்தான் 2017-18-ல் லாசி என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, 45 வயசுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரிடம் கேட்டது. அதே ஆட்களிடம் சில வருஷம் கழித்துத் திரும்பவும் போய்க் கேட்பதுதான் அந்த ஆய்வின் முறை.

இப்படிப்பட்ட ஆய்வில் காது கேட்காதவர், படுக்கையில் இருப்பவர், மறதி உள்ளவர் எல்லோரையும் "பேட்டி எடுக்க முடியவில்லை" என்று விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது நன்றாக நடமாடுபவர்கள்தான். அப்புறம் அறிக்கையில் எண்பது தாண்டியவர்கள் எல்லாம் தெம்பாக இருப்பதாக வரும். அதை நம்பித்தான் எத்தனை வீட்டுக்கு நர்ஸ் போக வேண்டும், எத்தனை பேருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடுவார்கள். விட்டுப்போனவர்களுக்குத்தான் அதெல்லாம் தேவை.

பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் ஆமாம், 1948-ம் வருஷச் சட்டப்படி பதில் சொல்வது கட்டாயம். கல்லூரியோ ஆராய்ச்சி நிறுவனமோ நடத்தும் ஆய்வு அப்படி இல்லை. வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தலாம், பிடிக்காத கேள்வியைத் தாண்டச் சொல்லலாம். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. இதை ஆரம்பத்திலேயே அந்தப் பெரியவரிடம், அவர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டியது வந்தவரின் கடமை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் போதாது.

ஓ.ஏ.பி. பணம் (முதியோர் உதவித்தொகை) நின்றுவிடுமா?

எங்கள் பக்கம் முதலில் வரும் பயமே இதுதான். நிற்காது. ஆய்வில் சொல்லும் பதில் தாலுகா ஆபீசுக்குப் போகாது, பெயரையும் முகவரியையும் தனியாகப் பிரித்துவிட்டு எண்களாகத்தான் பயன்படுத்துவார்கள்.

புதுச்சேரியில் இன்னொரு வகைப் பயமும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களும் அவர்கள் மனைவிமார்களும் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறார்கள், உயிரோடு இருப்பதாக அவ்வப்போது சான்று கொடுத்துப் பழகியவர்கள். யாராவது பேப்பரோடு வந்து "உங்க பேர், வயசு" என்றதுமே அவர்களுக்கு அந்தச் சான்று ஞாபகம் வந்துவிடும். "இது பென்ஷன் வேலை இல்லைங்க, இதால கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும். "கூடவும் செய்யாது" என்பதையும் விடக் கூடாது. ஏதோ உதவி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை, நாம் தெளிவாகச் சொல்லாததுதான் காரணம்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவரையும் அவர்கள் என்றே நினைத்து "மாத்திரை எங்க?" என்று கேட்பார்கள். சிகிச்சைக்கு வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

சர்வே என்று சொல்லி ஏமாற்றுபவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையான ஆய்வில் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், வங்கிப் புத்தகத்தைப் போட்டோ எடுக்க மாட்டார்கள், விரல் ரேகை மிஷினில் கை வைக்கச் சொல்ல மாட்டார்கள், ஆதார் காட்டினால்தான் பேசுவேன் என்று அடம்பிடிக்க மாட்டார்கள். அடையாள அட்டை இருக்கும், ஆய்வைப் பற்றித் தமிழில் அச்சடித்த தகவல் தாள் கொடுப்பார்கள், அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், பெரியவரைத் தனியாக விட்டுப் பேசச் சம்மதிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மா மாசத்துக்கு ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறார். எந்த வீட்டில் சேர்ப்பது?

முறை வைத்துச் சாப்பாடு போடும் வீடுகள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிறைய. பெரிய மகன் வீட்டில் கேட்டால் "அம்மா இந்த மாசம் தம்பி வீட்ல" என்பார், தம்பி வீட்டில் கேட்டால் "அவங்க அண்ணன் ரேஷன் கார்டுலதான் இருக்காங்க" என்பார். கடைசியில் எந்தப் பட்டியலிலும் அந்த அம்மா பெயர் இருக்காது. அல்லது இரண்டிலும் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் தானே சமைத்துச் சாப்பிடும் தாத்தாக்களும் இப்படித்தான் விட்டுப்போகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலான ஆய்வுகளில் ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம்.

வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது "வீட்ல எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "அம்மா அப்பா இருக்காங்களா, எங்க சாப்பிடுறாங்க, நேத்து ராத்திரி எங்க படுத்தாங்க, இன்னும் எத்தனை மாசம் இங்க இருப்பாங்க?" என்று கேட்டு, உங்கள் ஆய்வின் வசிப்பிட விதி என்ன சொல்கிறதோ அதன்படி ஒரு இடத்தில் எழுதுங்கள். விதி பொருந்தவில்லை என்றால் சூப்பர்வைசருக்குப் போன் செய்யுங்கள். எங்குமே எழுதாமல் விடுவதுதான் மோசம்.

அவங்களுக்கே வயசு தெரியாதே?

தெரியாமல் இருப்பது சகஜம். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம், தேதி தெரியாமல் வயசை மட்டும் சொன்னவர்களுக்கு அப்படிப் பதிவாகியிருக்கும். வாயால் சொல்லும் வயசும் எழுபத்தைந்து, எண்பது, தொண்ணூறு என்று ஐந்திலும் சைபரிலுமே போய் நிற்கும். எண்பதா எண்பத்தாறா என்பது இந்த மாதிரி ஆய்வில் பெரிய வித்தியாசம், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிப்பது வீண் போகாது.

ஊரில் நடந்ததை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு தேதிப் பட்டியலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கடலூர்ப் பக்கம் என்றால் உலகப் போர் கால ரேஷன், 1947 சுதந்திரம், 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தல், 1957-ல் நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1969-ல் அண்ணா இறந்தது. இதில் 1952 தேர்தல் ரொம்ப உதவும், அப்போது ஓட்டுப் போட 21 வயசு ஆகியிருக்க வேண்டும், 18 ஆனது 1989-ல்தான். அந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் 1931-க்கு முன்பு அல்லது அந்த ஒட்டில் பிறந்தவர்.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி செல்லாது. 1952-ல் அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே 1954-தான் பிடிமானம்: அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்று சொல்ல, நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. பாகூரிலோ வில்லியனூரிலோ உள்ள ஒரு ஆயாவிடம் "வெள்ளக்காரன் போனப்ப நீங்க வயசுக்கு வந்துட்டீங்களா, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். "பெரிய மனுஷி ஆகி ஒரு வருஷம் இருக்கும், கல்யாணம் ஆகல" என்றால் அப்போது பதினான்கு, பதினைந்து இருந்திருக்கும், பிறந்தது 1939, 1940 வாக்கில். பிறகு மூத்த பிள்ளைக்கு என்ன வயசு, அது பிறக்கும்போது இவருக்கு எத்தனை, நடுவில் எத்தனை பிள்ளை தவறியது என்று கேட்டுச் சரிபாருங்கள். தவறிய பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள், அறுபது வருஷம் ஆனாலும் சில பேருக்கு அது ஆறியிருக்காது.

இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை வைத்துக் கணக்கிட்டதில் ஒரு வருஷம் முன்னே பின்னே வந்தால் பரவாயில்லை. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

காது கேட்கவில்லை. கத்தித்தான் கேட்க வேண்டுமா?

கத்தினால் இன்னும் புரியாது. வயசாகும்போது முதலில் போவது கீச்சுச் சத்தத்தைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற எழுத்துகளின் மெல்லிய ஒலிகள் காதில் விழாமல், சத்தம் கேட்கிறது ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை என்பார்கள். கத்தும்போது குரல் கூர்மையாகிவிடும், சொல்லும் சிதைந்துவிடும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பேசுங்கள். எதிரில், ஒரு கை தூரத்தில், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள் என்பதால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். டி.வி.யை நிறுத்தச் சொல்லுங்கள், டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடினால் அதையும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலோரக் குப்பங்களில் வாசலில் உட்கார்ந்தால் காற்றும் அலையும் பாதிச் சொல்லைக் கொண்டுபோய்விடும், உள்ளே போய் உட்காருங்கள்.

புரியவில்லை என்றால் அதே சொற்களை ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் புரியாவிட்டால் பயிற்சியில் அனுமதித்த மாற்று வாக்கியத்தைப் பயன்படுத்துங்கள். அவர் தலையை ஆட்டுகிறார் என்பதற்காகப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று வந்தால் நிறுத்தி, முதலிலிருந்து பாருங்கள்.

காது மிஷின் இருந்தால் மாட்டச் சொல்லுங்கள், பேட்டரி தீர்ந்துபோய் பீரோவில் கிடக்கும் மிஷின்கள்தான் அதிகம், அதனால் பேட்டரி ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. மைக்கும் ஹெட்போனும் இணைந்த சின்ன ஒலிபெருக்கிக் கருவி கிடைக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று ஆய்வு நடத்துபவர்களிடம் எப்போதும் வற்புறுத்துகிறேன். காரணம், அந்தரங்கம். "சிறுநீர் அடக்க முடியாமப் போகுதா, மருமக சரியா கவனிச்சுக்கிறாங்களா?" என்று திண்ணையில் உட்கார்ந்து உரக்கக் கேட்டால் தெருவே கேட்கும். அந்தக் கேள்விக்கு எந்தப் பெரியவரும் உண்மை சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

பார்வை மங்கல் என்றால்?

பதில் அட்டைகளைப் பெரிய எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சடியுங்கள், பளபளப்பான தாள் வேண்டாம். கண்ணாடி எங்கே என்று கேளுங்கள். டேப்லெட் திரையைக் காட்டாதீர்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால் வாய்விட்டுப் படியுங்கள், ஒரு தடவைக்கு மூன்று பதிலுக்கு மேல் வேண்டாம்.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவரே பதில் சொல்கிறார். என்ன செய்வது?

கள வேலையில் அதிகமாக வரும் சிக்கல் இதுதான். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்பா சிரமப்படக் கூடாது என்றும், வந்தவர் சீக்கிரம் போகட்டும் என்றும் நினைக்கிறார்கள். ஆனால் கேள்வி எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். குளிக்க, உடுத்த, கக்கூஸ் போக, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாற, மலசலத்தை அடக்க, சாப்பிட முடிகிறதா என்ற ஆறு விஷயங்கள் 1963-லிருந்து உலகம் முழுக்கக் கேட்கப்படுபவை. இதில் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். கவனித்துக் களைத்துப்போனவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அவ்வளவுதான். மனசில் என்ன இருக்கிறது, வலி எவ்வளவு, தனியாக உணர்கிறாரா, வாழ்க்கை திருப்தியா என்ற கேள்விகளை இன்னொருவர் சொல்லவே முடியாது. "எங்கம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல சார்" என்று மகன் சொல்வதை அம்மாவின் மனநிலை என்று எழுதினால் அது மகனின் மனநிலை.

அதனால் வீட்டாரே, தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் சொல்ல முப்பது விநாடி எடுத்தாலும் எடுக்கட்டும். கேள்வி காதில் விழவில்லை என்றால் அதைத் திரும்பச் சொல்லி உதவலாம், பதிலை எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

சர்வே எடுப்பவருக்கு: "நீங்க பேசாதீங்க" என்று மகனிடம் சொன்னால் மரியாதையும் போகும், பேட்டியும் போகும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மருந்துச் சீட்டு, மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள், பல வீடுகளில் அதைத் தேடவே கால் மணி நேரம் ஆகும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் கூடத்தில் மகனிடம் வீட்டுச் செலவு, நிலம் பற்றிய பகுதியை எடுக்கட்டும், இன்னொருவர் உள்ளே ஆயாவிடம் பேசட்டும். தாத்தாவிடம் முதலில் பழைய தொழிலைப் பற்றிக் கேளுங்கள். ரோடியர் மில்லில் தறி ஓட்டினேன், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றினேன் என்று ஆரம்பித்துவிட்டால் குரல் திடமாகிவிடும், மகனும் தானாகவே கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படியும் மகன் சொன்ன பதில்கள் இருந்தால் எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னது என்று ஒவ்வொன்றிலும் குறியுங்கள். மனநிலைக் கேள்விகளைக் காலியாக விட்டாலும் விடலாம், அடுத்தவர் பதிலால் நிரப்பக் கூடாது.

"முழுக்க ஒத்துக்கிறேன், ஓரளவு ஒத்துக்கிறேன்" மாதிரி ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குழம்புகிறார்கள்.

ஐந்தையும் ஒரே மூச்சில் படித்தால் யாருக்குமே ஞாபகம் நிற்காது. இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் "சரியா, சரியில்லையா?" அதற்குப் பிறகு "ரொம்பவா, கொஞ்சமா?" இப்படிக் கேட்கலாமா என்பதைக் கேள்வித்தாள் தயாரிக்கும்போதே ஆய்வாளர் முடிவு செய்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். களத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டால் பதில்களை ஒப்பிட முடியாது.

"கடந்த 30 நாட்களில்", "கடந்த 12 மாதங்களில்" என்று எப்படிக் கேட்பது?

ஆங்கில மாதக் கணக்கில் வாழாதவர்களிடம் தேதி சொல்லிப் பயனில்லை. போன அமாவாசையிலிருந்து, ஓ.ஏ.பி. பணம் வந்ததிலிருந்து, மாசி மகத்துக்கு முன்னாடியா பின்னாடியா, பொங்கலிலிருந்து என்று தொடங்குங்கள். கடலோரத்தில் தானே புயல் (2011 டிசம்பர் 30), சுனாமி (2004 டிசம்பர் 26), 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வருஷம், விழுந்து இடுப்பு உடைந்த வருஷம் எல்லாம் சட்டென்று வரும்.

மறதி நோய் இருப்பவரிடம் சம்மதம் வாங்க முடியுமா?

மறதி இருக்கிறது என்பதாலேயே அவரால் முடிவெடுக்க முடியாது என்று ஆகிவிடாது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர், இப்போது இங்கே உட்கார்ந்து பேச விருப்பமா என்பதைச் சரியாகச் சொல்லலாம். ஆய்வைப் பற்றி நாலு சின்ன வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "நான் எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லுங்க ஆயா? வேண்டாம்னா என்ன செய்யலாம்?" என்று அவரையே திருப்பிச் சொல்லக் கேளுங்கள். சொந்தச் சொற்களில் ஓரளவு சொன்னால் போதும். இரண்டு முறை முயன்றும் முடியவில்லை என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி அவர் சார்பில் முடிவெடுக்க உரிமையுள்ள உறவினரிடம் எழுத்துச் சம்மதம் வாங்கலாம். அப்போதும் பெரியவரின் விருப்பத்தைக் கேட்டே ஆக வேண்டும். மகள் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கையைத் தட்டிவிட்டாலோ, "போங்க" என்றாலோ பேட்டி அங்கேயே முடிந்தது. சாயங்காலத்தில் குழப்பம் கூடும் என்பதால் காலையில் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. போன வாரம் வரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளாகத் திடீரென்று உளறுகிறார், நேரம் இடம் தெரியவில்லை என்றால் அது மறதி நோய் இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புது மாத்திரை என்று உடனே கவனிக்க வேண்டிய காரணம் இருக்கக்கூடும். சர்வேயை விட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

ஞாபகசக்திச் சோதனையில் தோற்றுவிட்டால் அவமானமாக இருக்காதா?

நியாயமான பயம். 1975-ல் அமெரிக்காவில் உருவான ஒரு சோதனைதான் உலகம் முழுக்கப் பரவியது. அதில் வாக்கியம் எழுத வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், இன்றைய தேதி சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே போகாத விவசாயக் கூலி ஆயா அதில் புத்தி நன்றாக இருந்தும் தோற்பார். அதனால்தான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக எழுத்தறிவு தேவைப்படாத ஒரு சோதனையை இந்தியில் உருவாக்கினார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைப் பெயராகவே வைத்துக்கொண்டு 1998-ல் தொடங்கிய 10/66 குழு, சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வேலை செய்தது. அவர்கள் முறையில் பெரியவரிடம் சோதனை ஒரு பக்கம், அவரை நன்றாகத் தெரிந்தவரிடம் தனிப் பேட்டி இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்தே முடிவு. மகன் மருமகள் பேச வேண்டிய இடம் அதுதான். பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு "எங்கப்பா எல்லாத்தையும் மறந்துடுறார்" என்று சொல்ல விடாதீர்கள், அதைத் தனியாகக் கேளுங்கள்.

சோதனையின்போது பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று விடை சொல்லிக் கொடுக்கும், சிரிக்கும். அவர்களை முதலிலேயே வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள். விடை சரியா தவறா என்று சொல்லாமல் அடுத்ததுக்குப் போங்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாதே?

கைநாட்டு வைக்கலாம். அப்போது ஆய்வுக்குழுவைச் சேராத ஒரு சாட்சி, முழுவதும் படித்துச் சொல்லப்பட்டதைக் கூட இருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். மை துடைக்க ஈரத்துணி எடுத்துப் போங்கள். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய்ச் சொல்வது மரியாதை, அவசியமும்கூட. ஆனால் பஞ்சாயத்தார் சரி என்றதை அந்த ஆயாவின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எத்தனை நேரம் உட்கார வைக்கலாம்?

அவர் உடம்பு சொல்வதுதான் கணக்கு. பதில்கள் சுருங்குவது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில், கண் சொருகுவது, இடுப்பை மாற்றி மாற்றி உட்காருவது எல்லாம் களைப்பின் அடையாளம். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் விடுங்கள். நீளமான கேள்வித்தாளை இரண்டு, மூன்று நாளாகப் பிரியுங்கள், முக்கியமான பகுதியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்குத் தூக்கம், அதைக் கெடுக்காதீர்கள். ஆய்வு நிறுவனங்கள் ஒரு நாளைக்கு இத்தனை பேட்டி என்று எல்லா வயசுக்கும் ஒரே கணக்கு வைத்தால் களத்தில் இருப்பவர் எண்பது வயசுக்காரரைத் தவிர்க்கத்தான் பார்ப்பார். அவர்களுக்கான பேட்டியை இரண்டாகக் கணக்கிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பிரஷர், கைப்பிடி பலம், நடை எல்லாம் அளக்கிறார்களே, ஆபத்தில்லையா?

ஒழுங்காகச் செய்தால் இல்லை. பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நிற்கும்போது சில பேருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், சாப்பிட்ட உடனேயும் இறங்கும், அதனால் நடைச் சோதனையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். பக்கத்தில் கைகொடுக்க ஒருவர் நிற்க வேண்டும். கையில் சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால் கைப்பிடிக் கருவி வேண்டாம். கண்புரை ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாலோ, மாரடைப்பு வந்து அதிக நாள் ஆகவில்லை என்றாலோ, மூச்சை வேகமாக ஊதும் சோதனை கூடாது. வீட்டாரே, இதையெல்லாம் வந்தவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கிறார். விட்டுவிடலாமா?

கூடாது. படுத்தபடியே பேசலாம், பத்துப் பத்து நிமிஷமாகப் பேசலாம். வாய் பேச முடியாவிட்டாலும் கையை அழுத்தி ஆமாம், இல்லை சொல்ல முடிந்தால் சில கேள்விகளையாவது கேளுங்கள்.

பேசும்போது அழுதுவிட்டால்?

டேப்லெட்டைக் கீழே வையுங்கள். அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள், "அழாதீங்க" என்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, தொடரலாமா, இன்னொரு நாள் வரட்டுமா, இதோடு விட்டுவிடலாமா என்று கேளுங்கள். அழுதவர்களில் பலர் தொடரத்தான் சொல்வார்கள், கேட்க ஒரு ஆள் கிடைப்பதே அரிது. உயிர் வாழ விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416.

சாப்பாடு போடாமல், அடித்து வைத்திருப்பது தெரிந்தால்?

அங்கேயே வீட்டாரோடு சண்டைக்குப் போகாதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அது அந்தப் பெரியவர் மேல்தான் விழும். தனியாக இருக்கும்போது அவரிடமே என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, 2007-ம் வருஷப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் காப்பேன் என்ற வாக்குறுதி அங்கே பொருந்தாது, இதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

போனில் கேட்கக் கூடாதா?

இந்த வயசுக்கு முதல் பேட்டி நேரில்தான். போன் மகனிடம் இருக்கும்.

பணம் தருவார்களா?

செலவழித்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடு கொடுக்கலாம், ஆசை காட்டும் அளவுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுப்பதைப் பெரியவர் கையில் கொடுங்கள்.

முடிவை எங்களுக்குச் சொல்வார்களா?

பிரஷர், சுகர் மாதிரி அளந்ததை அப்போதே தாளில் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அளவு மோசமாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மொத்த ஆய்வின் முடிவு வர வருஷக்கணக்கில் ஆகும். வந்ததும் ஊரில் வந்து ஒரு நாள் தமிழில் சொல்வீர்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள், கேட்கும் ஊர்களுக்குத் திரும்பி வருகிறார்கள். திரும்பவும் பேட்டிக்கு வரும் ஆய்வு என்றால், அடுத்த முறை தொடர்புகொள்ள வேறு ஊரில் இருக்கும் மகள் அல்லது பேரன் எண் ஒன்றையும் பெரியவர் சம்மதத்தோடு கொடுத்து வையுங்கள். அவர் இடையில் இறந்துபோனால் கடைசிக் காலம் எப்படி இருந்தது, என்ன வைத்தியம் கிடைத்தது என்று குடும்பத்திடம் ஒரு பேட்டி கேட்பது உண்டு. அதற்குக் காரியம் முடிந்த உடனே வரக் கூடாது, சில மாசம் பொறுத்து, முதலில் போன் செய்து, நீங்கள் சரி என்றால் மட்டுமே வர வேண்டும்.